திருநின்றவூரில் இல்லாத கோயில்

கனவுக்குள் கனவாக இறங்கும் 2010-ஆம் ஆண்டின் ‘இன்செப்ஷன்’ படத்தில் கூர்ந்து பார்ப்பவர் கண்ணில் படும் ஓட்டை, எடை பற்றியது. முதல் கனவில் வேன் பாலத்திலிருந்து விழுகிறது. அதில் தூங்குபவர்கள் எடையிழப்பதால் இரண்டாம் கனவின் ஓட்டலில் எல்லாம் மிதக்கிறது. ஓட்டலில் மிதந்தபடி தூங்குபவர்கள் காணும் மூன்றாம் கனவிலோ, பனிமலையில் கால்கள் தரையில் ஊன்றியே நிற்கின்றன. மேல் அடுக்கின் அசைவு கீழே இறங்கும் என்பது படம் தானே வைத்த விதி. கனவுதானே, எதுவும் நடக்கும் என்ற சமாதானம் அதற்குப் பிறகு செல்லாது.

ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரில் இதைவிடக் கடினமான கணக்கு இருக்கிறது. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சொன்ன பூசலார் கதை அது. கோயில் கட்டப் பொருள் கிடைக்காத பூசலார் மனத்திலேயே கட்டுகிறார். நினைத்தவுடன் கோபுரம் எழுவதில்லை. நாள் பார்த்து, தச்சரைத் தேடி, உபானம் முதல் அடுக்கி, சிகரத்தை முழக்கணக்கில் உயர்த்தி, சுதை பூசி, கிணறும் தொட்டு முடிக்க நெடுநாள் ஆகிறது. இரவிலும் அவர் கண்ணயர்வதில்லை. கட்டுபவர் விழித்திருக்க, கனவு காண்பவர் காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னர். குடமுழுக்கைத் தள்ளிவை, நாளை நின்றவூர் அன்பனின் கோயிலில் புகுவோம் என்கிறார் சிவன்.

சிக்கல் இங்கேதான். எங்கும் நிறைந்தவருக்கு ஒரே நாளில் இரண்டு இடம் முட்டுவானேன்? மாண்டூக்ய காரிகையில் கௌடபாதர், கனவுப் பொருள் அடங்க உடம்புக்குள் இடம் ஏது என்று தொடங்கி, நனவில் காண்பதும் அதுபோலப் பொய்யே என்று முடிக்கிறார். அவர் வழியில் போனால் கல்லும் நினைவும் ஒரே தரம், மோதலே இல்லை. உலகை மெய்யெனக் கொள்ளும் சைவ சித்தாந்தத்துக்கு அந்த வழி அடைபட்டது. அதற்கு இறைவன் புகுவது இடத்துக்குள் அன்று, அன்புக்குள். எனவே தேதி மன்னருக்காகச் சொல்லப்பட்டது. இந்த விடை முழுதும் பொருந்துகிறது என்று சொல்ல முடியாது. முகூர்த்தம் குறித்தவர் பூசலார். அதை மதித்து நடப்பவர் சிவன். ஆனால் மனத்தில் கட்டும் கோயிலுக்கும் நாளும் முறையும் உண்டு என்று தான் வைத்த விதியைக் கதை எங்கும் மீறவில்லை.

மன்னர் நின்றவூர் வந்து கோயில் எங்கே என்று கேட்டபோது, அப்படியொன்று இல்லை என்றார்கள் ஊரார். இன்று அங்கே இருதயாலீஸ்வரர் கோயில் கல்லில் நிற்கிறது. லிங்கத்தோடு பூசலாரின் உருவமும் இருக்கிறது.