தந்தையின் கடைசி ஆண்டுகள்

முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கென அச்சிடப்படும் அட்டைகளை நாம் பார்த்திருக்கிறோம். அன்புக் கணவர், பாசமிகு தந்தை, பங்கின் தூண் என்றெல்லாம் அவற்றில் எழுதியிருக்கும். பிள்ளைகளை ஆளாக்கியதும், கோயில் கட்ட உழைத்ததும் இருக்கும். அவர் பெற்ற மகளையே யாரென்று கேட்ட ஆண்டுகள் மட்டும் இரா. அவை அவரது பெருமைக்கு இழுக்கு எனக் குடும்பத்தார் கருதுகின்றனர். அன்பினாலேயே அப்படிச் செய்கின்றனர். எனினும் ஒருவரது வாழ்வில் ஒரு பகுதியை நீக்கிவிட்டு, எஞ்சியதை மட்டும் நினைவுகூர நமக்கு உரிமை உண்டா?

சிறுமலர் என நாம் போற்றும் புனித குழந்தை தெரேசாவின் தந்தை லூயி மார்ட்டினை இங்கு எண்ணிப் பார்ப்பது தகும். 1823-இல் பிரான்சில் பிறந்த அவர், துறவியாக விரும்பி ஆல்ப்ஸ் மலையிலுள்ள மடம் ஒன்றை நாடினார். இலத்தீன் கல்லாததால் ஏற்கப்படவில்லை. (அம்மடம் இழந்ததைத் திருச்சபை பெற்றது என்போம்.) அலான்சோன் நகரில் கடிகாரத் தொழில் செய்து, 1858-இல் செலியை மணந்தார். ஒன்பது மக்கள் பிறந்தனர்; நால்வரை இளவயதிலேயே அடக்கம் செய்தனர். மனைவியின் லேஸ் பின்னல் தொழில் வளர்ந்தபோது, தம் கடையை உறவினருக்கு விட்டுவிட்டு அவருக்குத் துணையாக நின்றார். ஓர் ஆண்மகனுக்கு இது நம்மூரில் இன்றும் எளிதன்று. 1877-இல் செலி புற்றுநோயால் மறைந்தார். ஐந்து பெண்மக்களுடன் லூயி, மனைவியின் சகோதரர் வாழ்ந்த லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இதுவரை சொன்னவை அட்டையில் அச்சிடத் தக்கவை. 1887 மே மாதம் அவரைப் பக்கவாதம் தாக்கியது. மறு ஆண்டு ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுச் சென்றவரை, நாட்கணக்கில் தேடி லெ ஆவர் துறைமுகத்தில் கண்டுபிடித்தனர். 1889 பெப்ரவரியில் கான் நகரிலிருந்த மனநோயாளர் இல்லத்தில் சேர்க்கப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். பெண்கள் ஒருவர்பின் ஒருவராக மடம் புகுந்ததே தந்தையின் மனத்தைக் கெடுத்தது என ஊரார் பேசினர். ஊர்வாய் எங்கும் ஒன்றே போலும்!

தெரேசா இதனை மறைக்கவில்லை. தம் வாழ்வைப் பற்றி எழுதுகையில், தந்தை துன்புற்ற அம்மூன்று ஆண்டுகளையே தம் குடும்பத்தின் மிக இனிய, மிகுந்த கனிதந்த ஆண்டுகளாகக் கருதுகிறார். வியப்புக்குரிய கூற்று! துன்பம் தன்னளவில் நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருந்தோர் அவ்வாறு பேசமாட்டார். ஆனால், கொடுத்ததனாலேயே ஒருவர் தந்தையென்றால், கொடுக்க இயலாத நாளில் அவர் யார்? உணவூட்டப்படுவதற்கும், கைபிடித்து நடத்தப்படுவதற்கும் தம்மைப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பதும் தந்தைமையின் ஒரு பகுதியே அன்றோ? சீராக்கின் ஞானநூல் மூன்றாம் அதிகாரம், தந்தையின் அறிவு தளர்ந்தாலும் பொறுமை காட்டுமாறு பிள்ளைகளைப் பணிக்கிறது. அறிவு தளர்ந்தபின்னும் அவரைத் தந்தை என்றே அந்நூல் அழைப்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர் நம்மை மறந்திருக்கலாம். இறைவன் அவரை மறக்கவில்லை. அவரை மறவாதிருக்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.

1892 மே மாதம், கால்கள் செயலிழந்த நிலையில், லூயி வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். கார்மேல் மடத்திலிருந்த மகள்களைக் கடைசி முறையாகக் காணச் சென்றபோது, விரலை உயர்த்தி விண்ணகத்தைச் சுட்டி, “விண்ணகத்தில்” என்று மட்டுமே சொன்னார். 1894 ஜூலை 29 அன்று இறந்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரையும் செலியையும் ஒருங்கே புனிதராக அறிவித்தார். தந்தையைப் பேணுவதற்காகத் தம் துறவற விருப்பத்தைத் தள்ளிவைத்திருந்த மகள் செலின், அவரை அடக்கம் செய்தபின், அவ்வாண்டு செப்டெம்பரில்தான் மடத்தில் சேர்ந்தார்.