பழங்கூத்தும் புத்தரங்கும்
ஒரு கூத்தின் உலகைப் பேணிக்கொண்டு ஆடுமுறையை மாற்றுதல் தகுமா? 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ கூத்தினை மேடையேற்றியதிலிருந்து தொடரும் வினா இது. மட்டக்களப்பில் விடியவிடிய வட்டக்களரியில் நிகழ்ந்த ஆட்டம் படச்சட்ட மேடையிற் சில மணிக்குள் அடங்கிற்று. பின்னர் வந்த ‘இராவணேசன்’ இன்னும் ஒருபடி சென்று, இராவணனின் மனப்போராட்டத்தையே முதன்மையாக்கிற்று.

மரபு கெட்டதென்பார்க்கு மன்னாரே மறுமொழி. அங்குள்ள கத்தோலிக்கர் பழைய ஆடுமுறைக்குள் வேதக்கதைகளைப் புகுத்தினர். ‘மூவிராசாக்கள் நாடகம்’ அவ்வகையினது. ஆகவே மாற்றமே குற்றமன்று. எதனை நீக்குவதென்று தீர்மானிப்பவர் யார் என்பதே அறவினா. நெடுங்கூத்தில் ஒரேயொரு வரவுப்பாட்டோடு போகும் சேவகனுக்கும் இடமுண்டு. நேரம் குறுகின் முதலில் நீங்குபவன் அவனே. அவ்வேடத்தைப் பூணக் காத்திருந்த கடற்றொழிலாளியும் உடன் நீங்குகின்றான்.

மன்னார்க் கரையிலுள்ள விடத்தல்தீவில் இவ்வினா மேலும் கனக்கின்றது. 1990இல் அவ்வூர் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 2008 யூலையில் இராணுவம் ஊரைக் கைப்பற்றுமுன் எஞ்சியோரும் இடம்பெயர்ந்தனர். இத்தகைய ஊரொன்று கூத்தைப் புதுப்பிக்குமாயின், நெறியாளர் தனித்திருந்து பாட்டுகளைக் குறைத்தல் முறையாகாது. கேட்டு வளர்ந்த முதியோரும் ஆடவரும் இளையோரும் ஒத்திகையில் ஒன்றிருந்து தீர்மானிக்கட்டும். இரண்டு மணி நேரம் போதாதெனின் மூன்றாகட்டும்.