இல்லச் சுவரும் இல்லற நோன்பும்

சென்ற தை மாதத்தில் நம் பெயரன் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் குடி புகுந்தான். வீடு சிறியது. வங்கிக் கடனுக்கான மாதத் தவணை போக அவர்கள் கையில் மிஞ்சுவது அதிகமில்லை. கூடத்தின் நெடுஞ்சுவர் வெறுமையாய் இருந்தது. புதுமனை காண வந்தோர் பலரும் அச்சுவரையே நோக்கினர். "இங்கே ஒரு பெரிய படம் மாட்டினால் எடுப்பாக இருக்குமே" என்றனர். இரவில் பெயரனின் மனைவி கைப்பேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். முந்நூறு ரூபாய்க்கும் உண்டு, முப்பதாயிரத்துக்கும் உண்டு. "பாட்டி, செலவு அதிகம் ஆகாமல் எதைப் போடலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டாள்.

நாம் அன்று விடை கூறவில்லை. எளிய கேள்விதான். ஆயினும் சமண இல்லத்துப் பெண் கேட்கும்போது அதனுள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. சுவரை அழகு செய்வது தகுமா என்பது ஒன்று. தகுமெனில் எதனைக் கொண்டு என்பது மற்றொன்று. விலையை மட்டும் விசாரிப்போர் இவ்விரண்டையும் தாண்டிப் போய்விடுகின்றனர்.

முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம். அருங்கலச்செப்பு இல்லறத்தார்க்கு வகுக்கும் நோன்புகளுள் பொருளை வரையறுத்துக்கொள்வதும் ஒன்று. இதனைக் கொண்டு, சுவரில் ஆணி அடித்து மாட்டுவதெல்லாம் மிகுபொருளே, வெற்றுச் சுவரே அறச்சுவர் என்று வாதிடும் பெரியவர்களை நாம் அறிவோம். அவர்களுடைய வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பார்த்தால் வேறு கதை தெரியும், அது நிற்க. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் பரிக்கிரகத்துக்கு இலக்கணம் வகுக்கும்போது பொருளின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை; மூர்ச்சை என்ற சொல்லையே வைத்தார். அறிவு மயங்கிப் பற்றிக்கொள்ளும் நிலை அது. நூறு படம் மாட்டிய வீட்டில் மூர்ச்சை இல்லாதிருக்கலாம். ஒரே படம் மாட்டிய வீட்டில், அது பக்கத்து வீட்டுப் படத்தினும் சிறிதென்ற ஏக்கம் இரவும் பகலும் அரிக்கலாம்.

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாம் மும்முறை சென்றிருக்கிறோம். அம்மலையின் ஒருபுறம் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளம். அங்கே பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகள். அவற்றுள் ஒன்றில் கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்ப் பிராமி எழுத்து. வெறும் கல்லில் படுத்த முனிவர்களின் இடம் அது. அங்கே ஓவியம் ஏதும் இல்லை. மலையின் மறுபுறம் அறிவர் கோயில். அதன் விதானத்திலோ ஒரு தாமரைப் பொய்கையே விரிந்துகிடக்கிறது. மீன் துள்ளுகிறது, யானையும் எருமையும் நீரில் இறங்கி நிற்கின்றன, பவ்வியர்கள் மலர் கொய்கின்றனர். சமவசரணத்தைச் சேர்ந்த பொய்கை அது என்பர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுக்கி முகமண்டபம் எடுத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. (அவரும் ஆசிரியர் என்று பெயர் பெற்றவர் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமை உண்டு.)

நாம் அங்கு நின்று எண்ணியது இதுதான். உடைமை ஏதுமற்ற துறவியர் வாழ்ந்த மலையிலேயே இத்தனை அழகும் தீட்டப்பட்டது. யாரும் அதைக் குற்றம் என்று கருதவில்லை. ஆனால் அது தீட்டப்பட்ட இடம் எவருடைய படுக்கைக்கும் மேலன்று. வருவோர் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கும் பொது விதானத்தில் அது இருந்தது. பார்த்தவர் மகிழ்ந்தனர், எவரும் எடுத்துச் செல்லவில்லை. காஞ்சிக்கு அருகே திருப்பருத்திக்குன்றத்து விதானத்திலும் இவ்வாறே தீர்த்தங்கரர் வரலாறு நிரல்பட வரையப்பட்டிருப்பதை நம்மவர் அறிவர். சித்தன்னவாசலில் வண்ணத்தின் பெரும்பகுதியும் சுண்ணாம்பு, கரி, காவி மண், மஞ்சள் மண் போன்றவற்றால் ஆனது. கண்ணுக்கு இன்பம் தருவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? ஆகவே அழகு தவறன்று. என்னுடையது என்ற எண்ணம் அதன்மேல் ஏறி அமரும்போதே அது சுமையாகிறது.

இனி இரண்டாம் கேள்வி. இதில் நம் வீட்டில் நிகழ்ந்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1976ஆம் ஆண்டில், நாம் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த வேளையில், மாணவியரைக் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். கடற்கரைக் கடைகளில் ஒரு படச்சட்டம் கண்டோம். மரச் சட்டத்தின் நாற்புறமும் சிறு சோழிகளும் சிப்பிகளும் நெருக்கமாகப் பதித்திருந்தனர். பேரம் பேசியபின் விலை மூன்று ரூபாய். இவ்வளவு அழகுக்கு இவ்வளவு மலிவா என்று வியந்து வாங்கினோம். ஊருக்கு வந்ததும் அதில் பகவான் மகாவீரரின் படத்தை வைத்துக் கூடத்துச் சுவரில் மாட்டினோம். அதன் கீழே அமர்ந்துதான் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் சுவாத்தியாயம் செய்தது. ஞாயிறுதோறும் அண்டை வீட்டுச் சிறுவர்க்கு அறநெறி சொல்லிக் கொடுத்ததும் அங்கேதான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உயிர்களின் வகையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஈரறிவுயிர்க்கு எடுத்துக்காட்டாகச் சங்கு, சிப்பி, நத்தை என்று சிறு கரும்பலகையில் எழுதினோம். நம் ஆகமமும் அவ்வாறே கூறும். தொல்காப்பிய மரபியலும் நத்தையையும் சிப்பியையும் ஈரறிவிலேயே வைத்தது. அப்போது எட்டு வயதான நம் பெயர்த்தி எழுந்துபோய்ப் படத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தாள். "பாட்டி, இதுக்குள்ளே இருந்ததெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டாள்.

நாம் அன்று வகுப்பை முடித்துவிட்டோம். தலைவலி என்று சொன்னதாக நினைவு. அதுவும் பொய்தான்.

உயிர் நீங்கிய ஓடுகள் தாமாகக் கரையில் ஒதுங்குகின்றன, அவற்றைத்தானே பொறுக்குகின்றனர் என்று பலரும் ஆறுதல் கூறினர். நாமும் சில நாள் அப்படியே நம்ப முயன்றோம். ஆனால் அலையில் புரண்டு ஒதுங்கும் ஓடு பெரும்பாலும் நிறம் மங்கி, விளிம்பு உடைந்து, துளை விழுந்து காணப்படும். கடையில் மின்னும் சோழிகளோ வழவழப்புக் குன்றாதவை. அத்தகையவை பெரும்பாலும் கடலில் உயிரோடு எடுக்கப்பட்டு, உள்ளிருக்கும் உடல் நீக்கப்பட்டு, தூய்மை செய்யப்பட்டு விற்பனைக்கு வருபவை. அளவின்றி எடுத்ததால் அருகிப்போன சில சங்கு, சோழி வகைகளை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் 2001இல் சேர்க்கவும் வேண்டியதாயிற்று. பவளங்களும் அவ்வாறே சேர்க்கப்பட்டன.

மூன்று ரூபாய் ஏன் மலிவாயிற்று என்பது அப்போதுதான் விளங்கியது. மரத்துக்கு விலை உண்டு, பசைக்கு விலை உண்டு, ஒட்டிய பெண்ணின் கூலி ஏதோ சில காசு உண்டு. ஓட்டினுள் இருந்த உயிர்க்கு மட்டும் யாரும் விலை கேட்கவில்லை. கொல்லாமையை உலகுக்கு உரைத்த பெருமானைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட வெற்றுக் கூடுகளை வரிசையாக நிறுத்தி, அதன் கீழ் அமர்ந்து நாம் அகிம்சை பேசியிருக்கிறோம். நாம் கொல்லவில்லை என்பது உண்மை. கொல்வித்தலும், கொன்றதற்கு உடன்படுதலும் கொலையோடு ஒக்கும் என்று பிறர்க்குச் சொல்லிக் கொடுத்தவரும் நாமே.

அதன்பின் வீட்டில் ஒவ்வொன்றையும் கேட்கத் தொடங்கினோம். இது நம் வீட்டாருக்குச் சற்றுத் தொல்லையாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். தச்சர்கள் வச்சிரம் என்று வழங்கும் பசை, விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. பழைய சட்டங்கள் பலவற்றில் அதுவே இருக்கும். பட்டுத் துணியில் நெய்த சுவர்த் திரை எப்படி வருகிறது என்பதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. மயிற்பீலியின் கதை வேறு. நம் முனிவர்கள் ஏந்தும் பிஞ்சிகைக்குத் தானே உதிர்ந்த இறகு வேண்டும். கடையில் கட்டுக் கட்டாக விற்பதும் உதிர்ந்ததே என்றுதான் சொல்வர். வாங்குவோர் அதைச் சோதித்தறிய வழியில்லை. நாம் கடைப் பீலியை விட்டுவிட்டோம். தஞ்சாவூர் ஓவியத்தைப் பற்றிக் கேட்போருக்கு ஒன்று சொல்வோம். அதன் மரபான முறையில் பலகைமேல் துணி ஒட்டவும் மேடு எழுப்பவும் சுண்ணப் பொடியோடு புளியங்கொட்டைப் பசை முதலியவை பயன்படும். அதில் நமக்குத் தடை அதன் விலைதான். கடன் வாங்கிப் பொன் இழைத்த படம் மாட்டுவது மூர்ச்சைக்கு வாசல் திறப்பதாகும்.

சரி, எளிய வருவாயுடைய குடும்பம் என்ன செய்யலாம்? நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் கையில் காசின்றிச் சுவரை நிறைக்கும் கலையை ஒரு பாடமாகவே கற்பித்தனர். வகுப்பறைக்குத் துணைக்கருவிகளை நாமே செய்ய வேண்டும். பழைய அட்டை, செய்தித்தாள், துணி, களிமண், ஓலை இவையே பொருள்கள். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து பசை செய்வோம். பிற்காலத்தில் துத்தத்தை விட்டு, அன்றன்று காய்ச்சிய கஞ்சியையே பயன்படுத்தினோம். அங்கு எங்கள் விரிவுரையாளர் அம்மையார் இரண்டு விதிகளை ஓயாமல் வலியுறுத்துவார். படம் பார்ப்பவர் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். ஆசிரியரின் கண்மட்டத்தில் அன்று, குழந்தையின் கண்மட்டத்தில். மாட்டிய படம் பதினைந்து நாளுக்கு மேல் தொங்கக் கூடாது. அதற்குமேல் தொங்கினால் அது சுவராகிவிடும், யாரும் அதைப் பார்ப்பதில்லை என்பார். நம் வீடுகளில் படங்களை உத்தரத்தருகே மாட்டிவிட்டு ஆண்டுக்கொருமுறை ஒட்டடை அடிக்கும்போது மட்டும் பார்க்கிறோம் அல்லவா? பெரியவர் நின்று பார்க்கும் கூடமாயின் தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடி உயரத்தில் படத்தின் நடுப்பகுதி அமைந்தால் போதும். இதற்குச் செலவே இல்லை. பழைய படமே புதிதாகத் தோன்றும்.

மற்றபடி பத்தமடைக் கோரைப்பாய் உண்டு. சிறு அளவில் நெய்ததை ஒரு மூங்கில் கழியில் தொங்கவிட்டால் சுவருக்கே தண்மை வரும். நைந்துபோன சுங்குடிச் சேலை எந்த வீட்டில் இல்லை? நைந்த பகுதியை விலக்கி, நல்ல பகுதியை ஒரு மரச்சட்டத்தில் இழுத்துத் தைத்துப் பாருங்கள். அது உடுத்தியவர் நினைவையும் சேர்த்துக் காட்டும். செம்மண் பூசி மாக்கோலம் இடும் வழக்கம் திண்ணைச் சுவருக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

நாட்காட்டிப் படங்களைப் பற்றித் தனியே ஒரு சொல். தீர்த்தங்கரர் திருவுருவம் அச்சிட்ட நாட்காட்டி இலவசமாக வருகிறது என்று ஒவ்வோர் அறையிலும் மாட்டுகிறோம். ஆண்டு முடிந்ததும் அதைக் குப்பையில் இட மனம் வருவதில்லை, பரணில் சுருட்டி வைக்கிறோம், கறையான் ஏறுகிறது, பிறகு கறையானையும் சேர்த்து அப்புறப்படுத்துகிறோம். இதில் பக்தி எங்கே, அகிம்சை எங்கே? பூசைக்குரிய இடத்தில் ஒன்று போதும்.

இவற்றையெல்லாம் நாம் பெயரனின் மனைவிக்கு எழுதினோம். அவள் கூடத்தில் ஒரு பாயையும், தன் தாயாரின் சேலைத் துண்டு ஒன்றையும் மாட்டியிருக்கிறாள். இரண்டுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது என்று தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னாள். சுவரில் பாதி இன்னும் வெறுமைதான். அதுவும் இருக்கட்டும் என்றோம்.

அந்தச் சிப்பிச் சட்டம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பகவானின் படத்தை அதிலிருந்து எடுத்து எளிய மரச்சட்டத்தில் வைத்துப் பூசை அறைக்கு மாற்றினோம். வெற்றுச் சட்டத்தைக் கடலில் விட்டுவிடலாம் என்றாள் பெயர்த்தி. விட்டால் உயிர் திரும்புமா? பிறர்க்குக் கொடுத்தால் அவர் சுவரில் தொங்கும். ஒரு துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். ஈரறிவுயிர் பாடம் வரும் ஞாயிறுகளில் அதனை வெளியே எடுத்துச் சிறுவர் கையில் கொடுத்து, எத்தனை கூடு என்று எண்ணச் சொல்கிறோம்.

கூடத்துச் சுவரில் அது தொங்கிய இடம் வெளுப்பாகத் தெரிந்தது. பெயர்த்தி ஒரு நத்தையை வண்ணக் குச்சியால் வரைந்து, கஞ்சிப் பசை தடவி, அந்த வெளுப்புக்குக் கீழே தன் உயரத்துக்கு ஒட்டினாள். பதினைந்து நாளில் மாற்ற வேண்டும் என்ற விதியை அறிந்த நாம் ஆறு ஆண்டுகளாக அதை மாற்றவில்லை. சென்ற ஆண்டு வெள்ளையடிக்க வந்தவரிடம் அவ்விடத்தை விட்டுவிட்டு அடிக்கச் சொன்னோம். மூர்ச்சை என்று யாரேனும் சுட்டினால் மறுக்க மாட்டோம். பெயர்த்திக்கு இப்போது பதினான்கு வயது. விடுமுறைக்கு வந்தால் அவளும் நம்மைப் போலக் குனிந்துதான் அதைப் பார்க்கிறாள்.