பதியாத நாதம்

தட்டில் பதியாத நாதத்தை, ஒலிக்காத நாதம் என்று கொள்வது நியாயமா? பழைய இசைத்தட்டுகளைக் கேட்குந்தோறும் இவ்வினா நம்மை உறுத்துகிறது.

1922இல் எக் ராபர்ட்சன் என்னும் அமெரிக்க நாட்டுப்புறக் கலைஞர் விக்டர் கம்பெனிக்காக வாசித்த பிடில் தட்டில் தெளிவாக ஏறிற்று. வில்லால் இழைக்கும் பெரிய பேஸ் வாத்தியத்தின் கதி வேறு. 1925இல் மின்சார ஒலிப்பதிவு வரும்வரை கலைஞர் ஒரு குழலின் வாயை நோக்கியே வாசிக்கவேண்டும். தாழ்ந்த நாதம் அக்குழலுக்குச் சரிவர எட்டாது. ஆதலால் பேஸை விலக்கி, டியூபாவை ஊதவைத்தனர். தட்டை மட்டும் நம்புகிறவன், அம்மக்கள் பேஸையே அறியார் என்று எழுதிவிடுவான்!

குழலைக் குறை சொல்வதற்கில்லை. அதன் செவிடு இயற்கையானது. ஆனால் எல்லாச் செவிடும் அப்படித்தானா?

மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் நிற்கும்போது நமக்கு இந்த ஐயம் வலுக்கிறது. 1840களில் மன்னாரில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர், காப்பித் தோட்டங்களை நோக்கி இவ்வழியேதான் நடந்தனர். காலராவிலும் பட்டினியிலும் மடிந்தோர் பலர். அன்று ஒலிப்பதிவுக் கருவியே இல்லை, உண்மை. பின்னர், 1902இல், கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதித்த கம்பெனியோ விலைபோகும் குரலைத் தேடி வந்தது. லயத்தில் முழங்கிய தப்பைத் தேடியன்று. அந்தச் செவிடு கல்லாப்பெட்டியின் செவிடு. அதன் மௌனத்தைச் சான்றாகக் காட்டி, தோட்டத்து மக்களுக்குக் கலையில்லை என்று பேசும் படித்தவர்களுக்கு எந்தக் குழல் தடையாக நின்றது?

தப்பு இன்றும் மலையகத்தில் திருவிழாவிலும் சாவீட்டிலும் முழங்குகிறது.