இரும்புப் பாத்திரமும் தோண்டாத கையும்

பௌத்த பிக்கு வைத்துக்கொள்ளக்கூடிய பிச்சைப் பாத்திரம் இரண்டே வகை: மண், இரும்பு. பிக்குவின் எட்டு உடைமைகளான பரிக்காரங்களில் வரும் சவரக்கத்தியும் ஊசியும் உலோகமே. ஆனால் பிக்குகளின் ஒழுக்க விதிநூலான விநயத்தின் பாசித்தியப் பகுதி, பிக்கு நிலத்தைத் தோண்டினாலும் பிறரைத் தோண்டச் சொன்னாலும் குற்றம் என்கிறது. அடுத்த விதி, மரம் செடிகளை வெட்டுவது குற்றம் என்கிறது. இரும்புக்கல் தோண்டாமலும் கரிக்கு மரம் வெட்டாமலும் இரும்பு ஏது? அப்படியென்றால் பாத்திரத்தோடு வரும் வினை யாரைச் சேரும்?

இலங்கையின் கண்டி ராஜ்யத்தில் இரும்பெடுக்கும் வேலை பலர் கண்ணெதிரே நடந்தது. 1660 முதல் 1679 வரை அங்கே சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், கண்டிக்கு அருகில் உடுநுவரையின் எலதெத்தவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 1681இல் வெளியான தம் நூலில் இரும்பு உருக்குவதை அவர் படிப்படியாக விவரிக்கிறார். தோண்டிய கல்லை முதலில் விறகிட்டுச் சுட்டு இளக்குவார்கள். பிறகு வெண்களிமண் உலையில் கரி, கல், மறுபடி கரி என்று அடுக்குவார்கள். உலையின் பின்னே, குடைந்த இரண்டு மரக்கட்டைகளின் வாயை மான்தோல் மூடியிருக்கும். தோலில் விரல் நுழையும் அளவு துளை. துருத்திக்காரன் இரண்டிலும் கால் வைத்து, உள்ளங்காலால் துளையை அடைத்து மாறி மாறி மிதிப்பான். கால் எடுத்த தோலை வில்போல் வளைந்த குச்சி மேலே இழுக்கும். கசடு வழிந்தபின் எஞ்சும் கட்டியை வெளியே தள்ளி, கோடரியால் பாதிவரை வெட்டி நீரில் போடுவார்கள்.

நிலம் தோண்டுவதைத் தடுக்கும் விதி ஆளவி என்ற ஊரில் பிறந்தது. பிக்குகள் தோண்டுவதைக் கண்ட ஊரார், மண்ணுக்கும் உயிருண்டு என்று நம்பியவர்களாதலால், குறை கூறினர். விதி அந்த நம்பிக்கையை மதித்தது. ஆனால் மண் மிகுந்த நிலத்தையும் கல் மிகுந்த நிலத்தையும் வேறுபடுத்தியது. இரும்புக்கல் விதிக்குள் அகப்படாது, அதை மூடிய மண் அகப்படும். மேலும், தேவையை மட்டும் குறிப்பால் உணர்த்தும் பேச்சு குற்றமன்று. இதை வெறும் சாமர்த்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. பௌத்தத்தில் எண்ணமே வினை. கொல்லும் எண்ணமின்றித் தோண்டுபவனும் கொலையாளி ஆவதில்லை. இல்லறத்தார்க்கு விலக்கிய ஐந்து வணிகங்களிலும் ஆயுதம் உண்டு, இரும்பு இல்லை. உலையிலிருந்து வரும் கட்டி மண்வெட்டியாகுமா வாளாகுமா என்று உருக்குபவனால் சொல்ல முடியாது. புத்தருக்குக் கடைசி உணவு அளித்த சுந்தனே ஒரு கொல்லன். அவன்மேல் பழி சேரக்கூடாது என்பது புத்தரின் கடைசிக் கவலைகளுள் ஒன்று.

இந்த விடை கண்டியில் கோணியது. 1753இல் சியாமிலிருந்து வந்த உபாலி தேரர் முழுத் துறவேற்பான உபசம்பதையை மீட்டுத் தந்தபின், அவர் வழிவந்த சியாம் நிக்காய என்ற பிக்கு சங்கப் பிரிவில் அது விரைவிலேயே கொவிகம சாதியாருக்கு மட்டும் என்றானது. உபசம்பதையின்போது நோய், கடன், அடிமைநிலை, பெற்றோர் சம்மதம், வயது எல்லாம் விசாரிக்கப்படும்; பாத்திரமும் சீவர உடையும் உண்டா என்ற கேள்வியும் வரும். சாதி அந்தக் கேள்விகளில் இல்லை. ஆனாலும் பாத்திரம் அடித்த கொல்லன், வேறு சாதியான் என்பதால், அந்தப் பாத்திரத்தை ஏந்தும் தகுதியை இழந்தான். வினையைப் பற்றிய போதனை அவன்மேல் சுமத்தாத குறையைச் சமூகம் சுமத்தியது.

மலிவான ஐரோப்பிய இரும்பு வந்ததும் உலைகள் அணைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத்துறையின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பக்கம் எஞ்சிய சிலரிடம்தான் அந்தத் தொழிலைக் கண்டு பதிவுசெய்தார். இன்று கண்டிப் பிக்குவின் கையிலுள்ள பாத்திரத்துக்கான தாதுவைத் தோண்டுபவர் வேறெங்கோ இருக்கிறார்.