பானெட்டைத் திற, பயத்தைத் துற!

சிக்னலில் பச்சை விழுகிறது. உங்கள் பழைய கார் அசைய மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. பக்கத்து ஆட்டோக்காரர் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார். உங்கள் உள்ளங்கை வியர்க்கிறது.

அந்த நிமிடத்தில் நின்றது என்ஜின் மட்டும்தானா? கூடவே உங்கள் துணிச்சலும் நின்றுபோகிறதே! என்ஜினை யாராவது வந்து கிளப்பிவிடுவார்கள். துணிச்சலை நீங்கள்தான் கிளப்ப வேண்டும்.

"எனக்கு ஓட்ட மட்டும்தான் சார் தெரியும். உள்ளே இருக்கிறதெல்லாம் தெரியாது." ஒர்க்‌ஷாப் வாசலில் எத்தனை பேர் இதைச் சொல்கிறார்கள்! படித்தவர் சொல்கிறார். கோடிக்கணக்கில் கணக்குப் பார்ப்பவர் சொல்கிறார். நாற்பது பேரை வேலை வாங்கும் மேலாளர் சொல்கிறார். சிறுகச் சிறுகச் சேர்த்து நீங்கள் வாங்கிய வண்டி அது. ஆர்.சி. புக்கில் உங்கள் பெயர்தான் இருக்கிறது. அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் உங்களுக்கே உண்டு. அந்த உரிமையை யாரும் பறிக்கவில்லை. பயந்து நீங்களே விட்டுக்கொடுத்தீர்கள். இன்றே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்!

வெட்கத்தை இறக்கி வையுங்கள்

கல்யாண மண்டபத்துக்குப் போகும்போது காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் பார்த்துவிடுவார்களாம்! கடன் இல்லாமல், மாதத் தவணை இல்லாமல், உழைத்த காசில் வாங்கிய வண்டிக்கா வெட்கப்படுவது?

மாருதி 800 தெருவுக்கு வந்தது 1983 டிசம்பரில். அதன் தயாரிப்பு 2014 ஜனவரியில் முடிந்தது. அதே 2014 மே மாதத்தோடு அம்பாசிடரும் நின்றது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் வெளிவந்த முதல் சான்ட்ரோக்களுக்குக் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆனாலும் இந்த வண்டிகளை நம் ஊர்த் தெருக்களில் இன்றும் பார்க்கலாம். தயாரித்தவர்களே நிறுத்திவிட்ட வண்டியை ஓடவைப்பது யார்? சென்னை புதுப்பேட்டைக் கடைகளில் அலைந்து ஒரு ரிலேயைக் கண்டுபிடித்து வருகிறவர்கள். கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கி வருகிறவர்கள். புதுக் கார் வாங்கப் பணம் போதும். பழைய காரை ஓடவைக்க அறிவு வேண்டும், பொறுமை வேண்டும், நெஞ்சுரம் வேண்டும். மண்டபத்து வாசலிலேயே நிறுத்துங்கள் உங்கள் வண்டியை!

முதல் நெடும்பயணமே ரிப்பேர் பயணம்தான்

1888 ஆகஸ்ட். ஜெர்மனி. கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. வாங்குவதற்குத்தான் ஆளில்லை. அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே வண்டியை எடுத்தார். மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கும் மேலான தூரம். வழியில் பங்க் ஏது, ஒர்க்‌ஷாப் ஏது? எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். ஒயரின் உறை தேய்ந்தபோது தன் காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் போய்த் தோல் வைத்து அடித்து வாங்கினார். பிரேக் லைனிங் என்ற யோசனை பிறந்ததே அந்த வழியில்தான்!

பெண்களுக்கு வண்டி விவகாரம் புரியாது என்று யாராவது சொன்னால், இந்தத் தாயின் கதையைச் சொல்லி வாயை அடையுங்கள்.

நம் மண்ணிலும் ஒருவர் இருந்தார். கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் பிடித்து வைத்தது. அப்படி ஒன்றை வாங்குவதற்காகவே கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வாங்கினார். துடைத்துப் பளபளப்பாக்கி நிறுத்தினாரா? அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார்; பிறகு தானே பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். கோவையின் தொழில் வரலாற்றை அவர் பெயரைச் சொல்லாமல் எழுத முடியுமா? பிரித்துப் பார்க்கத் துணிந்தவர்தான் உயர்ந்தார்!

வண்டி பேசுகிறது, காது கொடுங்கள்

பழைய கார் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறது. கேட்கத்தான் நமக்குப் பழக்கமில்லை.

ஸ்டார்ட் ஆகவில்லையா? பதறாமல் ஹெட்லைட்டைப் போடுங்கள். மங்கலாக எரிந்தால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். வெந்நீரில் சமையல் சோடாவைக் கலந்து பழைய பிரஷ்ஷால் தேய்த்து, டெர்மினலை இறுக்குங்கள். புது பேட்டரிச் செலவே மிச்சமாகலாம். விளக்கு பளிச்சென்று எரிந்தும் "டிக்" மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டார் பக்கம் பாருங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லையென்றால் பெட்ரோல் வரவில்லை, அல்லது பிளக்கில் பொறி இல்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி முனகும். அந்த முனகல் கேட்கவில்லையா? முதலில் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். என்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4 வரை இருக்கும். ஓடும்போதும் 12-ஐத் தாண்டாவிட்டால், பேட்டரியை மாற்றி மாற்றிப் பலனில்லை. ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. இதைத் தெரிந்துகொள்ள என்ஜினியரிங் பட்டமா வேண்டும்?

வண்டி ஹீட் ஆகிறதா? எப்போது ஆகிறது என்று பாருங்கள். நெரிசலில் ஏறி, ஹைவேயில் இறங்கினால் ஃபேன் மோட்டார், ரிலே, சுவிட்ச் இவற்றைச் சந்தேகியுங்கள். வேகமெடுத்தால் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று தேடுங்கள். வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உள்ளே துருப் பிடிக்கும், கூலண்ட் ஊற்றுங்கள்.

சைலன்சரைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அளவுக்கு மேல் போகிறது. என்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, குறைந்துகொண்டே போகும் கூலண்ட், ஆயிலில் பால் கலந்த காபியின் நிறம், இவை மூன்றும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் வாய்ப்பு அதிகம். அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்!

2013-க்குப் பிறகு வந்த கார் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சின்னக் கருவி கோளாறின் எண்ணைக் கைபேசியிலேயே காட்டிவிடும். பி 0300 என்றால் மிஸ்ஸிங். அந்த எண் சொல்வது எங்கே தேடுவது என்பதை மட்டும்தான். எந்த பார்ட்டை மாற்றுவது என்பதை நீங்கள் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

துணிச்சலுக்கு ஒழுக்கம் வேண்டும்

அசட்டுத்தனத்தைத் துணிச்சல் என்று எண்ணிவிடாதீர்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்ட் வைக்க வேண்டும். பெட்ரோல் வாடை வந்தால் சாவியையே தொடாதீர்கள். 2015-லும் 2023-லும் டிசம்பர் மழையில் சென்னை பட்ட பாட்டை நினைவில் வையுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்தால், என்ஜினுக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு டோ செய்து கொண்டுபோங்கள்.

செலவையும் ஒழுங்குபடுத்துங்கள். பிரேக், டயர், ஸ்டீயரிங் முதலில்; ஆயில், கூலண்ட், டைமிங் பெல்ட் அடுத்து; டிங்கரிங், பெயின்டிங், மியூசிக் சிஸ்டம் கடைசியில். பழைய கார் வாங்கியதும், டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குச் சான்று இல்லையென்றால் உடனே மாற்றிவிடுங்கள். அறுந்தால் பல என்ஜின்களில் வால்வு வளைந்துவிடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும்.

மெக்கானிக் முன் நிமிர்ந்து நில்லுங்கள்

மெக்கானிக்கை எதிரியாகப் பார்க்காதீர்கள். அடிமையாகவும் அவர் முன் நிற்காதீர்கள். "வண்டி ஓடல, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். "அண்ணே, காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் மிஸ்ஸிங் இருக்கு, சூடான பிறகு இல்ல. பேட்டரி வோல்டேஜ் பார்த்துட்டேன், சரியா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். அவர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும். நல்ல தொழிலாளிக்கு விவரம் சொல்லும் வாடிக்கையாளரைப் பிடிக்கும். கழற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்குங்கள். என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர் கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள்; உழைப்புக்கு மரியாதை கொடுப்பவனுக்கே கேள்வி கேட்கும் தகுதி உண்டு.

வதந்திக்கு மிரளாதீர்கள்

"பதினைந்து வருஷம் ஆச்சா? அவ்வளவுதான், காயலான் கடைக்குத்தான்!" இப்படிச் சொல்லி மிரட்டுகிறவர்கள் ஏராளம். பத்தாண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் பதினைந்தாண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் கட்டுப்பாடு வந்தது தில்லி வட்டாரத்தில். தமிழ்நாட்டில் வயதைக் காரணம் காட்டித் தனியார் காரை ஓரங்கட்டும் தடை இல்லை. பதினைந்தாண்டு முடிவதற்கு முந்தைய அறுபது நாளுக்குள் படிவம் 25-ஐக் கொடுத்து, பசுமை வரியைக் கட்டி, ஆய்வில் தேறினால், ஐந்தாண்டுக்குப் பதிவு நீட்டிக்கப்படும். கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய்; 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆகியிருக்கிறது. செலவுதான். ஆனால் வண்டியைச் சரியாக வைத்திருப்பவன் ஆய்வுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

விற்கும்போதும் விழிப்பாக இருங்கள். பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்துவிட்டால், நாளை அந்த வண்டி விபத்தில் சிக்கும்போது இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் மேல்தான் விழும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் 29, 30 இரண்டையும் முறைப்படி கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். சேசிஸ் துருப்பிடித்து உளுத்துப்போனால், பாசத்தை ஒதுக்கி வண்டியைக் கைவிடவும் தெம்பு வேண்டும். அந்த முடிவையும் நீங்களே எடுங்கள். பயம் எடுக்க வேண்டாம்.

நண்பரே, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, என்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். கூலண்டைப் பாருங்கள். டெர்மினலைத் துடையுங்கள். டயரின் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். உங்கள் மகளையும் மகனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். கை அழுக்காவது கேவலமில்லை என்பதை அவர்கள் உங்களிடமிருந்து கற்கட்டும். ஒரு ஃபியூஸை நீங்களே கண்டுபிடித்து மாற்றி, வண்டி உயிர்பெறும் அந்த நொடியில் உங்களுக்குள் எழும் நம்பிக்கை வேலையிலும் வீட்டிலும் கைகொடுக்கும். புரியாததைப் பார்த்து ஒதுங்கியே பழகிய நீங்கள், இனி நின்று பார்த்துக் காரணம் தேடும் மனிதராகிவிடுவீர்கள். மனிதக் கை பூட்டியதை மனிதக் கையால் பிரிக்க முடியும். உங்களுக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன. எழுந்து போய் பானெட்டைத் திறங்கள்!