மிச்சம் யாருக்கு?

பெரிய வீட்டை விற்றுவிட்டு இரண்டு அறை அடுக்ககத்துக்குக் குடிபெயரும் முதியவர்களுக்கு எல்லோரும் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. எதுவும் நிலையில்லை, பற்றை விட்டுவிடுங்கள் என்பார்கள். கொஞ்சம் படித்தவராக இருந்தால், வீடு என்ற சொல்லே விடுதலிலிருந்து பிறந்ததுதானே என்றும் சேர்த்துக்கொள்வார். குடியிருக்கும் இடத்துக்கும் முத்திக்கும் ஒரே பெயர் வைத்தது தமிழின் அழகுதான். ஆனால் சொல்லழகு வாதமாகிவிடாது. ஐம்பது வருடம் புழங்கிய சமையலறையைக் காலி செய்கிறவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. துறவியிடம் கேட்க வேண்டியதை இல்லறத்தாரிடம் கேட்பதால் வரும் ஆறுதல் இது. நம் சமயங்கள் இல்லறத்தாரிடம் கேட்ட கேள்வி வேறு: உனக்கு எவ்வளவு போதும், மிச்சம் யாருக்கு? வீடு மாறுவதை ஆன்மிகக் காரியமாகப் பார்ப்பதென்றால் இந்த இரண்டு கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

துறவில் மிகக் கடுமையான சமணத்தையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். துறவிக்கு அது எந்த உடைமையையும் அனுமதிப்பதில்லை. இல்லறத்தாருக்கு வகுத்த ஐந்து அணுவிரதங்களில் கடைசியானதோ உடைமைக்கு வரம்பு கட்டிக்கொள்வது மட்டுமே. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் அந்த வரம்புக்கு உட்பட்டவற்றை வரிசைப்படுத்தும்போது நிலத்தையும் வீட்டையும் முதலில் வைக்கிறது. பொன்னும் வெள்ளியும் தானியமும் பிறகுதான் வருகின்றன. அளவை இல்லறத்தாரே குறித்துக்கொள்ள வேண்டும், குறித்தபின் தாண்டக்கூடாது. உடைமை என்றால் என்ன என்பதற்கு அதே நூல் தரும் இலக்கணம் இன்னும் கூர்மையானது. பொருளைச் சுட்டாமல், பொருள்மேல் ஏற்படும் மூர்ச்சையையே அது உடைமை என்கிறது. அப்படியானால் ஒற்றை அறையில் இருப்பவரும் மூர்ச்சையில் கிடக்கலாம், நூறு தூண் மாளிகைக்காரரும் தெளிவாக இருக்கலாம். வீடு சிறுத்ததால் மட்டும் யாரும் ஞானியாவதில்லை. பிறகு அளவு எதற்கு? தெளிந்திருக்கிறோமா என்று நம்மை நாமே சோதித்துப் பார்க்க வேறு வழி இல்லாததால்தான். வீடுவிட்டு வந்தவர்களின் பௌத்தச் சங்கத்திலும் பிக்கு தனக்கென்று கட்டிக்கொள்ளும் குடிலுக்கு விநய விதி நீளம் பன்னிரண்டு சாண், அகலம் ஏழு சாண் என்று வரம்பு வைத்தது. துறந்தவருக்கே முழக்கோல் தேவைப்பட்டிருக்கிறது.

வைதிக மரபு மிச்சத்தைப் பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்கிறது. தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரப்பிள்ளையையும் பார்த்துவிட்டால் இல்லறத்தான் வனம் புகலாம் என்கிறது மனுஸ்மிருதி; வானப்பிரஸ்தம் என்பது அதுதான். சொல்லப்பட்ட அடையாளங்கள் உடம்பிலும் குடும்பத்திலும் தெரிபவை. ஞானம் முதிர்ந்ததா என்று யாரும் சோதிப்பதில்லை. ஆகவே முழங்கால் வலிக்கிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்று வீடு மாறுகிறவர் தம் காரணத்துக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. பிருகதாரணியக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் இல்லறத்தை விட்டுக் கிளம்பும்போது முதலில் செய்ய முனைவது, தம் மனைவியரான மைத்ரேயிக்கும் காத்யாயனிக்கும் பாகம் பிரித்துக் கொடுப்பது. இந்தப் பூமியின் செல்வமெல்லாம் கிடைத்தாலும் நான் சாவைக் கடப்பேனா என்று மைத்ரேயி கேட்கிறாள். ஆன்மாவைப் பற்றிய மிகப் பெரிய உரையாடல்களில் ஒன்று பாகப்பிரிவினைப் பேச்சில் பிறந்திருக்கிறது. கொடுத்துத் தீர்க்கிற இடத்தில்தான் அந்தக் கேள்விக்கே வழி திறந்தது.

இந்தக் கேள்விகளைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் செட்டிநாட்டு ஊர்களே சான்று. பர்மா, மலேயா, இலங்கை வணிகத்தில் வந்த பணத்தில், பர்மாத் தேக்கிலும் இத்தாலியச் சலவைக்கல்லிலும் எழுந்த வீடுகள் அவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு, பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஆனால் அவற்றுக்குள் நடந்த வாழ்க்கை அவ்வளவு பெரியதல்ல. மணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றிய அறைகளில் அவனுக்கும் மனைவிக்கும் ஒன்று, சமையல் தனி. கல்யாணத்துக்கும் படைப்புக்கும்தான் வீடு முழுவதும் எல்லோருக்குமானது. பெரிய வீட்டுக்குள் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்ற அளவு இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. அதன்பின் அங்கிருந்து வந்த வருமானம் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. வருமானம் போன பிறகும் வீடு நின்றது, தலைமுறைக்குத் தலைமுறை பங்குகள் மட்டும் பெருகின. எல்லாப் பங்காளிகளும் ஒப்பாமல் விற்கவும் முடியாது, பழுதுபார்க்கவும் முடியாது என்ற நிலை பல வீடுகளுக்கு வந்தது. சில வீடுகள் இடிக்கப்பட்டு, அவற்றின் நிலைக்கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நின்றன. 2014-இல் இந்த ஊர்த்தொகுதி யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது. உலகம் பாதுகாக்க நினைக்கும் அந்த வீடுகள் பலவற்றில் விளக்கேற்ற ஆளில்லை. மிச்சம் யாருக்கு என்பதைச் சேர்த்தவர்களே சொல்லிவிட்டுப் போகாவிட்டால், காலமும் வழக்கும் தரகரும் சேர்ந்து சொல்லும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். வீடு பண்டமல்ல, முன்னோருக்குப் படைத்த இடம், குலதெய்வத்தை நினைத்து விளக்கேற்றிய மாடம், அதை எப்படி அளந்து கொடுப்பது? நியாயமான கேள்வி. இதற்குக் கோயில் மரபிலேயே விடை இருக்கிறது. திருப்பணி தொடங்குமுன் கருவறைத் தெய்வத்தின் சக்தியைக் கலசத்துக்கோ மரப்பலகைக்கோ மாற்றிச் சிறிய இடத்தில் வைத்து வழிபடுவதைப் பாலாலயம் என்கிறோம். இளங்கோயில் என்பது அதன் பழைய தமிழ்ப் பெயர். கல்லில் குடிகொண்டதாக நம்பும் தெய்வத்தையே முறையோடு இடம் மாற்றலாம் என்ற மரபு, மாடத்து விளக்கை மாற்றக்கூடாது என்று சொல்லாது. குடமுழுக்கு முடிந்ததும் தெய்வம் பெரிய கோயிலுக்குத் திரும்பிவிடும், முதியவர் திரும்பமாட்டாரே என்று கேட்கலாம். உண்மைதான், உவமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் திருமீயச்சூர் இளங்கோயில் தனித்தலமாகவே தேவாரப் பாடல் பெற்றிருக்கிறது. சிறிய இடத்தில் இருந்த காலத்தைக் குறைந்த காலமாக நம் மரபு எண்ணியதில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினமானது. பலர் விரும்பி வீடு மாறுவதில்லை. பிள்ளைகள் விற்கச் சொல்கிறார்கள், அல்லது எழுதி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்புகிறார்கள். அவர்களிடம் வானப்பிரஸ்தம் பேசுவது கொடுமை அல்லவா? ஆம், கொடுமைதான். பறிக்கப்பட்டதைத் துறவு என்று அழைத்துப் பறித்தவரைக் காப்பாற்றும் வேலையைச் சமயம் செய்யக்கூடாது. அதனால்தான் மேலே இரண்டு கேள்விகளில் எவ்வளவு போதும் என்பது முதலில் நிற்கிறது. தமக்குரியதை ஒதுக்கிக்கொண்ட பிறகே மிச்சம் என்ற ஒன்று உண்டாகிறது. நாட்டின் சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யாவிட்டால், அந்த எழுத்தைச் செல்லாததாக்கும்படி தீர்ப்பாயத்தில் கேட்கலாம். நிபந்தனையோடு கொடுப்பதால் கொடை சிறுத்துவிடாது. தன்னையும் பசியுள்ள ஓர் உயிராகக் கணக்கில் சேர்ப்பதும் அறம்தான்.

பெரிய வீடே இல்லாதவருக்கு இந்தப் பேச்சு எதற்கு என்பது கடைசி மறுப்பு. மூர்ச்சை சதுர அடி பார்த்து வருவதில்லை. ஒண்டுக்குடித்தனத்திலும் பரண் உண்டு. அந்தப் பரணை யாராவது ஒருநாள் இறக்கத்தான் போகிறார்கள். பெரும்பாலும் அது பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, எது யாருக்குப் பிரியமானது என்று தெரியாதவர்களின் கையால் நடக்கிறது. வீடு மாறுகிறவருக்கு மட்டும் அந்த வேலையை உயிரோடு இருக்கும்போதே, தம் கையால் செய்யும் வாய்ப்பு கிடைக்கிறது. ஆகவே, பற்றை விடுங்கள் என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பரணிலிருந்து பெயர் வெட்டிய பித்தளை அண்டாவை இறக்கி வைத்து, இது யாருக்கு என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.